நமக்குள்ளே ஒரு நீர்க்கட்டி

தலைப்பைப் பார்த்துவிட்டு யாரும் ஸ்கேன் சென்டருக்கு ஓட வேண்டாம். டாக்டர்கள் சொல்கிற நீர்க்கட்டி வேறு. நான் சொல்வது ஓர் ஆசாமி. ஏரிப் பாசன ஊர்களில் மதகைத் திறந்து, மூடி, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று தீர்மானிக்கிறவர். நீர்பாய்ச்சி, கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். கூலி பெரும்பாலும் நெல்லாகத்தான் வரும். ஆனால் கோடையில் அவர் அதிகாரம் கலெக்டருக்குக்கூடக் கிடையாது. ஊர்ப் பெரிய மனிதரே அவரைப் பார்த்து, "அண்ணே, நம்ம கழனியைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க" என்பார்.

செங்கல்பட்டுப் பக்கம் முழுக்க இந்த ஏரி சமாசாரம்தான். சென்னையிலிருந்து ரயிலில் போனால் செங்கல்பட்டு வரும் முன்பே கொளவாய் ஏரி ஜன்னலுக்கு வெளியே கூடவே ஓடிவரும். இன்னும் தெற்கே போனால் மதுராந்தகம். உத்தம சோழனின் பட்டப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட ஊர். அங்கே இருக்கிற ஏரியைச் சிலர் முதல் தடவை பார்த்துவிட்டுக் கடல் என்று நினைத்ததுண்டு.

ஏரியின் தத்துவம் எளிமையானது. மேலே நிறையத் தண்ணீர். கீழே மெல்லிய நாற்று. ஏரியை அப்படியே திறந்துவிட்டால் நாற்றும் இருக்காது, வயலும் இருக்காது. அதனால் நடுவில் மதகு. பழைய மதகு என்றால் கல்லில் ஒரு துளை, துளைக்கு ஒரு முளை, அவ்வளவுதான். முளையைக் கொஞ்சம் தூக்கினால் தண்ணீர் வேகம் அடங்கி வாய்க்காலுக்கு வரும். அங்கிருந்து கிளை வாய்க்கால், அப்புறம் மடை, அப்புறம் பயிர். இத்தனை பெரிய ஏரியின் சாமர்த்தியமெல்லாம் அந்தச் சின்னத் துளையில் இருக்கிறது.

நம் உடம்பிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. அதுவும் ஒன்றிரண்டு மதகு இல்லை, லட்சக்கணக்கில்!

* * *

இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. அது முதலில் மகாதமனிக்குப் போகிறது. நம் கட்டைவிரல் தடிமன், சுமார் இரண்டரை சென்டிமீட்டர் குழாய். அங்கிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை. பிரியப் பிரியச் சின்னதாகிக்கொண்டே போய், விட்டம் 300 மைக்ரான் அளவுக்கு வரும்போது 'சிறு தமனி' என்கிறார்கள். 100 மைக்ரானுக்கும் கீழே போனால் 'நுண்தமனி'. இங்கிலீஷில் ஆர்ட்டீரியோல். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடி (இருந்தால்) சுமார் 70 மைக்ரான். ஆக, பெரும்பாலான நுண்தமனிகள் ஒரு முடியின் தடிமனுக்குள் அடங்கிவிடும்.

நுண்தமனி முடிகிற இடத்தில் தந்துகிகள் ஆரம்பிக்கின்றன. இவைதான் வயல். சுவர் என்று சொல்லக்கூட ஒற்றை செல் கனம்தான். அதன் வழியாகத்தான் ஆக்ஸிஜனும் சர்க்கரையும் வெளியே போகின்றன, கழிவு உள்ளே வருகிறது. சிவப்பணு ஒவ்வொன்றாகக் கல்யாணப் பந்தி வரிசை மாதிரி நகர்கிற அளவுக்குக் குறுகல். வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அவசரப்பட்டால் சாப்பாடு கிடைக்காது.

மகாதமனியில் சராசரி ரத்த அழுத்தம் சுமார் 100 மில்லிமீட்டர் பாதரசம். அது அப்படியே இந்த ஒற்றை செல் சுவரில் போய் மோதினால் என்ன ஆகும்? ஏரியை உடைத்து நாற்றங்காலில் விட்ட கதைதான். ஆகவே வழியில் யாரோ அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். பெரிய தமனிகள் குறைப்பதில்லை. அவை வெறும் ஹைவே. நுண்தமனிக்குள் நுழையும்போதுகூட 85 இருக்கிறது. வெளியே வரும்போது 35. ஐம்பது பாயின்ட் அந்தச் சில மில்லிமீட்டர் தூரத்தில் காணாமல் போகிறது!

இதைச் செய்கிற குழாயின் அமைப்பைப் பாருங்கள். மூன்றே அடுக்கு. உள்ளே வழுவழுப்பான ஒற்றை செல் மெத்தை. அதன்மேல் வளையம் வளையமாகத் தசை, ஒன்றோ இரண்டோ சுற்று. அதற்கு வெளியே கொஞ்சம் நார்ப்பொருள், நரம்பு நுனிகள். குழாய் சைஸுக்கு இந்தத் தசை ரொம்ப அதிகம். மகாதமனிச் சுவரில் ரப்பர் மாதிரியான நார் நிறைய. நுண்தமனியில் அது குறைவு, தசைதான் முதலாளி. சுருங்கு என்றால் சுருங்கும். விரி என்றால் விரியும். நம்மைக் கேட்காது.

* * *

மாமல்லபுரம் போனால் அர்ச்சுனன் தபசு என்கிற பெரிய பாறைச் சிற்பத்துக்கு முன்னால் பத்து நிமிஷமாவது நில்லுங்கள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. 'தபசு செய்வது அர்ச்சுனன்' என்று ஒரு கட்சி. 'பகீரதன், கங்கையைக் கூப்பிடுகிறான்' என்று இன்னொரு கட்சி. பாறையின் நடுவே மேலிருந்து கீழே ஒரு பிளவு, அதில் நீந்துகிற நாகர்கள். மேலே தொட்டி கட்டி நிஜமாகவே தண்ணீர் விட்டிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வதால் நான் பகீரதன் கட்சி.

கதை தெரிந்ததுதான். கங்கை இறங்க ஒப்புக்கொண்டாள். 'நான் விழுந்தால் பூமி தாங்காதே' என்பதுதான் பிரச்னை. சிவபெருமான் தலையைக் கொடுத்தார். அவ்வளவு வெள்ளமும் ஜடைக்குள் போய்ச் சுற்றிச் சுற்றி வேகம் இழந்து, கடைசியில் சாதுவாக வெளியே வந்தது. நடுவில் ஆயிரம் முடிக்கற்றைகள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தடுத்தது. இதைவிடச் சுருக்கமாக நுண்தமனியின் வேலையை எந்த மருத்துவப் பாடப்புத்தகமும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

பாடப்புத்தகம் இதைக் கணக்காகச் சொல்கிறது. 1840 வாக்கில் ழான் புவாஸேய் என்ற பிரெஞ்சுக்காரர், மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் திரவத்தை ஓடவிட்டு அளந்தார். ரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளத்தான் இந்த ஆசை. முடிவு விசித்திரமாக இருந்தது. மற்றதெல்லாம் மாறாமல், குழாயின் குறுக்களவு பாதியானால் ஓட்டம் பாதி ஆகாது. கால்வாசியும் ஆகாது. பதினாறில் ஒன்றாகிவிடும்! அளவின் நான்காம் மடி. பத்து சதவிகிதம் சுருங்கினால் ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அவுட். பத்தொன்பது சதவிகிதம் விரிந்தால் ஓட்டம் இரட்டிப்பு. இப்போது புரிகிறதா, நீர்க்கட்டி முளையை ஏன் அவ்வளவு ஜாக்கிரதையாக விரல் அளவு தூக்குகிறார் என்று.

* * *

சரி, நம் நீர்க்கட்டிக்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது?

ஒன்று, தலைமைச் செயலகம். மூளையிலிருந்து பரிவு நரம்புகள் வழியாக. 1851-ல் பாரிஸில் கிளாட் பெர்னார் ஒரு முயலின் கழுத்தில் அந்த நரம்பை வெட்டினார். அந்தப் பக்கத்துக் காது மட்டும் சிவந்து சூடாகிவிட்டது. நரம்பு இருந்தவரை காதின் குழாய்களை இறுக்கிப் பிடித்திருந்தது, வெட்டியதும் பிடி தளர்ந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை முகம் சிவப்பதும், டிசம்பர் விடியற்காலையில் கடலில் இறங்கினால் விரல் வெளுப்பதும் இதே டிபார்ட்மென்ட்.

இரண்டு, உள்ளூர் பஞ்சாயத்து. நீங்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறீர்கள். தொடைத் தசை ஆக்ஸிஜனைத் தின்றுவிட்டுக் கழிவுகளை வெளியே தள்ளுகிறது. அந்தக் கழிவே மனு. பக்கத்து நுண்தமனி மனுவைப் படித்துத் தானாக விரிகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது தசைகளுக்கெல்லாம் சேர்த்து நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் சொச்சம். மூச்சு வாங்க ஓடினால் பதினைந்து லிட்டருக்கும் மேல். அந்த நேரம் வயிற்றுக்கும் குடலுக்கும் மதகு பாதி மூடல். ஆனால் மூளைக்கு மட்டும் எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு, நிமிஷத்துக்கு முக்கால் லிட்டர். கோயில் மானியம் மாதிரி, அதில் யாரும் கை வைக்க முடியாது.

மூன்றாவது உத்தரவைத்தான் ரொம்ப லேட்டாகக் கண்டுபிடித்தார்கள். உள் மெத்தை என்றேனே, அந்த ஒற்றை செல் அடுக்கு. வெறும் பெயின்ட் என்று நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் தமனித் துண்டை வைத்துக்கொண்டு, ஒரு மருந்து ஊற்றினால் சுருங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் உதவியாளர் வேலைகளின் வரிசையை மாற்றிச் செய்துவிட, சுருங்க வேண்டிய துண்டு தளர்ந்து விரிந்தது. ஃபர்ச்காட் கோபித்துக்கொள்ளாமல் யோசித்தார். துண்டை வெட்டும்போது உள் அடுக்கு உரசித் தேய்ந்திருந்தால் சுருங்குகிறது. தேயாமல் பத்திரமாக இருந்தால் விரிகிறது. அப்படியானால் 'விரி' என்று சொல்லும் தூதன் அந்த அடுக்கிலிருந்துதான் வருகிறான். 1980-ல் இதை வெளியிட்டார். தூதன் நைட்ரிக் ஆக்சைடு என்கிற சாதாரண வாயு என்று பிறகு தெரிந்தது. 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு. வேடிக்கை என்னவென்றால், நைட்ரோகிளிசரினை வைத்து டைனமைட் செய்து பணம் குவித்த ஆல்ஃப்ரட் நோபலுக்கே வயசான காலத்தில் நெஞ்சுவலிக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுத்தது நைட்ரோகிளிசரின். அது உடம்புக்குள் போய்ச் செய்வதும் இதே வாயு வேலைதான்.

* * *

இவ்வளவு பெருமையும் சொன்ன பிறகு விவகாரத்துக்கு வரவேண்டும். விவகாரத்தின் பெயர் பி.பி.

நம் ஊரில் பி.பி. என்றால் கோபம் என்று அர்த்தம். 'அவருக்கு பி.பி. ஏறிடுச்சு' என்றால் மேனேஜர் கத்துகிறார் என்று பொருள். உண்மையான ரத்த அழுத்த நோயாளி கத்தாமல், சிரித்துக்கொண்டு, கேரம் ஆடிக்கொண்டு இருப்பார். நடப்பது என்னவென்றால், நுண்தமனிகள் தேவைக்கு மேல் இறுக்கமாக இருக்கின்றன. இதயம் தள்ளுவதை நிறுத்தவில்லை. வரத்து இருக்கிறது, மதகு குறுகல். மழைக்காலத்தில் மதகை அடைத்து வைத்தால் ஏரி என்ன செய்யும்? ஏறும்.

ஏறினால் அதோடு விடாது. ஏறின அழுத்தத்தைத் தாங்க நுண்தமனி தன் சுவரைத் தடிப்பாக்கிக்கொள்ளும். அதன் பார்வையில் அது கடமை. ஆனால் சுவர் உள்பக்கமாகத் தடித்தால் துளை இன்னும் சின்னது. நான்காம் மடி ஞாபகம் இருக்கிறதல்லவா? அழுத்தம் இன்னும் ஏறும். வருஷக்கணக்கில் போனால் சுவர் கண்ணாடி மாதிரி விறைத்துப்போய், விரி என்றாலும் விரியாது. இது சிறுநீரகத்தில் நடந்தால் வடிகட்டி ஒவ்வொன்றாக மூடும். மூளையின் ஆழத்தில் நடந்தால் ஒரு சின்னக் குழாய் அடைபடலாம், அல்லது வெடிக்கலாம்.

என் சித்தப்பாவுக்கு அடைபட்டது.

படாளம் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறார். ஐம்பத்தெட்டு வயதில் மூட்டையைத் தோளில் தூக்கிப் போடுகிற ஆள். பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் பார்த்தபோது 180-க்கு 110. மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டார். "இன்னாத்துக்குடா மாத்திரை? தலைவலி கீதா, கிறுகிறுப்பு கீதா? கல்லு மாரி கீறேன்" என்றார். சித்தி கெஞ்சினால் பத்து நாள் சாப்பிடுவார். பதினொன்றாம் நாள் மறுபடி கல்லு.

மூன்றாம் வருஷம் ஒரு விடிகாலை, காப்பி டம்ளர் வலது கையிலிருந்து தானாக நழுவியது. குனிந்து எடுக்கப் போனார். விரல் மடங்கவில்லை. ஸ்கேனில் மூளைக்குள் ஒரு பருப்பு அளவுக்குக் கறுப்புப் புள்ளி. "இவ்ளோதானா?" என்று சித்தி கேட்டார். அவ்வளவுதான். அந்த இடம் வழியாகத்தான் கைக்குப் போகிற நரம்புக் கம்பிகள் போகின்றன.

அங்கே ஒரு டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். 'மூளையில் கோளாறு, கண்ணை ஏன் பார்க்கிறாங்க?' என்று வரிசையில் இருந்தவர்களுக்குச் சந்தேகம். காரணம் இருக்கிறது. உடம்பைக் கிழிக்காமல் நுண்தமனிகளை நேராகப் பார்க்கக்கூடிய வசதியான ஜன்னல் விழித்திரைதான். 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டுபிடித்துக் கொடுத்த கருவியின் புண்ணியம். நல்ல கண்ணில் அவை மெல்லிய சிவப்பு நூல். அழுத்தம் பல வருஷம் வேலை பார்த்த கண்ணில் சுவர் தடித்துச் செப்புக் கம்பி மாதிரி, இன்னும் முற்றினால் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னும். குறுக்கே போகிற சிரையை மிதித்து நசுக்கியிருக்கும். டாக்டரம்மா நிமிர்ந்து, "எத்தனை வருஷமா பி.பி.?" என்றார். "இப்பத்தான்" என்றார் சித்தப்பா. "உங்க கண்ணு அப்படிச் சொல்லலையே, ஐயா."

இப்போது நன்றாக நடக்கிறார். பேசுகிறார். மண்வெட்டியை மட்டும் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. சாயங்காலம் கரையில் உட்கார்ந்தபடி என்னிடம் சொன்னார்: "ஏரி ஏறுனா அளவுக் கல்லைப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம். இது ஏறுனது எனக்கே தெரியலையேடா." அப்புறம் அவரே, "அந்த மிஷின்தான் அளவுக் கல்லு, இல்ல?" என்றார். முன்பெல்லாம் ஏரி மட்டம் எழுதி வைத்த அதே நோட்டில், மீதிப் பக்கங்களில் இப்போது இடது கையால் பி.பி. எழுதுகிறார். கிறுக்கலாக இருக்கும். ஆனால் ஒரு வாரமும் விட்டுப்போகவில்லை.

* * *

அளவுக் கல்லுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1733-ல் இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீஃபன் ஹேல்ஸ், ஒரு பெண் குதிரையை மல்லாத்திக் கட்டி, தமனியில் பித்தளைக் குழாய் சொருகி, அதில் நீளமான கண்ணாடிக் குழாயை மாட்டிய கதையை வெளியிட்டார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறியதாம். பாதரசக் கணக்கில் 190-க்கு மேல். மல்லாத்திக் கட்டினால் யாருக்குத்தான் ஏறாது! 1896-ல் இத்தாலியின் ரீவா-ரோச்சி கையில் காற்றுப்பட்டை கட்டினார். 1905-ல் ரஷ்யாவின் கொரட்காஃப் அதோடு ஸ்டெதாஸ்கோப்பைச் சேர்த்தார். குதிரைகள் தப்பித்தன.

மாத்திரைகள் என்ன செய்கின்றன? ஊருக்கு ஊர் கொடுக்கிற அம்லோடிபின், நுண்தமனித் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுக்கிறது. கால்சியம் இல்லாமல் தசை இறுக முடியாது. முளை கொஞ்சம் தூக்கியே நிற்கும். வேறு சில மாத்திரைகள் 'சுருங்கு' என்று கத்துகிற ஹார்மோனின் வாயை அடைக்கின்றன. வேறு சில, உப்பையும் தண்ணீரையும் சிறுநீரில் வெளியேற்றி வரத்தைக் குறைக்கின்றன. நம் சர்ப்பகந்தா வேருக்கும் இதில் இடம் உண்டு. பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் அதைப் பற்றி பிரிட்டிஷ் இதய மருத்துவப் பத்திரிகையில் எழுதிய பிறகுதான் வெளிநாடுகள் முழித்துக்கொண்டன. அதிலிருந்து பிரித்த ரெஸர்பின், பரிவு நரம்பு நுனிகளில் உள்ள சரக்கைக் காலி செய்துவிடும். கச்சா வேரை நாமே இடித்துக் குடிப்பது ஆபத்து. அந்த ஐடியா இருந்தால் விட்டுவிடுங்கள்.

எந்த மாத்திரையும் சாப்பிடுகிற வரைதான் வேலை செய்யும். அளவு நார்மல் ஆனது மாத்திரையால். 'நார்மல் ஆகிடுச்சே, நிறுத்திடலாம்' என்பது, 'மதகைத் திறந்ததும் ஏரி இறங்கிடுச்சே, மூடிடலாம்' என்பதற்குச் சமம். மழை நின்றதா என்று டாக்டர் சொல்ல வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். காசு இல்லை என்பது காரணமாக முடியாது. நேரம் இல்லை என்பவர்கள் என் சித்தப்பாவின் கையெழுத்தைப் பார்க்கலாம்.

அப்புறம் உப்பு. கேளம்பாக்கம், கோவளம் பக்கத்து உப்பளங்கள் பேர் போனவை. அங்கே வெயிலில் நிற்கிறவர்களுக்கு வியர்வையில் போகிறது. நமக்கு? உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது. தலை தட்டிய ஒரு டீஸ்பூன். சாம்பார், ரசம், மோர் எல்லாம் சேர்த்து! இதில் ஆவக்காய், அப்பளம், கடற்கரைக் கருவாடு என்று போனால் மத்தியானத்திலேயே கோட்டா காலி.

பி.பி. பார்க்கும் முன் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். அதற்கு அரை மணி முன்னால் காப்பி, பீடி வேண்டாம். கை இதய மட்டத்தில் இருக்கட்டும். வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140-க்கு 90-ஐத் தாண்டினால் டாக்டரிடம் போங்கள். தாண்டாவிட்டால் வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருங்கள்.

மாமல்லபுரச் சிற்பத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன். கீழே யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை. பின்னங்காலில் நின்று, கைகளை மேலே தூக்கிக் கடும் தவம். சுற்றிலும் எலிகள், 'சாமியார் ஆயிடுச்சுப்பா' என்று நம்பி நிம்மதியாக இருக்கின்றன. சத்தமே போடாத பி.பி.யும் அந்த ஜாதி. அடுத்த தடவை போனால் பூனையைப் பார்த்து ரசியுங்கள். எலியாக மட்டும் இருக்க வேண்டாம்.